நிஜமான நாற்பது

அம்மாவுடைய வாடகைக் காரின் வேக மீட்டர், சாப்பாட்டு மேசையில் விரித்த போர்வை மேல் கிடந்தது. சுற்றிலும் குட்டிக் குட்டி ஸ்க்ரூக்கள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் சாமான்கள் கிடந்த தன் பொத்தான் டப்பாவுக்குள் போட்டார்.

அப்பா தையல்காரர். "தையல் மெஷினையே கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுறவன் நான். இது என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்றார்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே செய்ங்க, போதும். அஞ்சு மணிக்கு எனக்கு சவாரி இருக்கு" என்றார் அம்மா.

அம்மாவுக்குச் சிரிப்பே வரவில்லை. மீட்டரின் வெளிச்சம் மங்கி மாதக் கணக்காகிவிட்டது. பொழுது சாய்ந்தால் வேகம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. அதனாலேயே இரண்டு தடவை நாற்பதைத் தாண்டிப் போனதாக அம்மா போலீஸிடம் மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை மாட்டினால் ஆறு மாதத்துக்குக் காரைத் தொட முடியாது. லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

மீட்டரின் முதுகிலிருந்து அப்பா இரண்டு பல்புகளைத் திருகி எடுத்தார். பல்புக்கு மாட்டியிருந்த பச்சை ரப்பர் உறை கருகிப் போயிருந்தது.

"பாரு, இதான் திருடன்! வா, முக்குக் கடையில புதுசு வாங்கிட்டு வந்துடலாம். பட்டாணி, எதையும் தொடாதே. பார்த்துக்கிட்டு மட்டும் இரு."

பட்டாணிக்குப் பத்து வயது. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது அவளுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை.

மீட்டர் முகத்தில் ஒரே தூசி. கண்ணாடி மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். 'லேசாத் துடைச்சா என்ன ஆயிடும்?' மெத்தென்ற துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

டக்!

வேக முள் துணியோடு வந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். அவசரமாக முள்ளை அதன் இடத்தில் அழுத்தினாள். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முள்ளைத் தடுத்து நிறுத்தும் சின்ன முளைக்குக் கீழே போய் நின்றது. நகத்தால் மெல்லத் தூக்கி முளைக்கு மேலே வைத்தாள். முள் சமர்த்தாகப் பூஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் எதுவுமே தெரியவில்லை.

அப்பாவுக்கும் தெரியவில்லை. புது பல்பைப் பொருத்தினார், மூடியை மாட்டினார், மீட்டரைக் காரில் வைத்து முடுக்கினார். பொத்தான் டப்பாவில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதை நைசாகச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

அம்மா சாவியைத் திருப்பியதும் மீட்டர் பளிச்சென்று எரிந்தது.

"அப்பாடா!" அம்மாவின் முகமும் கூடவே பளிச்சிட்டது. "இனிமே இதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

கார் நகர்ந்தது. பட்டாணி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"அம்மா, நிறுத்து! அதை நம்பாதே!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"உனக்குக் கை சும்மா இருக்காதா?" அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்போ முள் எவ்வளவு தப்பாக் காட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா மணியைப் பார்த்தார். நாலு. பிறகு தன் பட்டன் ஃபோனை எடுத்தார். "சவாரி வேண்டாம்னு சொல்லிடறேன்."

பட்டாணி மூக்கைத் துடைத்தாள். அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காத கணக்கு வகுப்பு திடீரென்று ஞாபகம் வந்தது.

"இரும்மா! பெரிய ரோட்டுல கிலோமீட்டர் கல்லு இருக்கே! நாப்பதுல போனா, ஒரு கல்லுலேருந்து அடுத்த கல்லுக்குத் தொண்ணூறு செகண்டு ஆகணும். உன் ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார் அம்மா.

பெரிய ரோட்டில் வண்டிகள் அதிகம் இல்லை. அம்மா முள்ளை நாற்பதில் பிடித்தார். பின் சீட்டில் பெல்ட் போட்டிருந்த பட்டாணி, கல்லைத் தாண்டியதும் பொத்தானை அமுக்கினாள்.

அடுத்த கல் வந்தது.

"எழுபத்திரெண்டு!"

அப்பா விரல் விட்டு எண்ணினார். "அப்போ நாம போனது அம்பதுல! பத்து கம்மியாக் காட்டுதே!"

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. இப்படியே போயிருந்தால் இன்றைக்கே மூன்றாவது தடவை மாட்டியிருப்பார்.

ஓரமாக நிறுத்தினார்கள். அப்பா மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார். முள்ளை முளைக்குக் கீழே இறக்கி விட்டார். அது நின்ற இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கழற்றிப் பத்து தள்ளி மேலே அழுத்தினார். இந்தத் தடவை ஜம்பமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடியும் நாற்பது. மறுபடியும் கல். எண்பது... எண்பத்தைந்து... பட்டாணியின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

"தொண்ணூறு! கரெக்டா தொண்ணூறு!"

அம்மா சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

சாயங்காலம் சவாரி முடித்து வந்த அம்மாவை வாசலிலேயே மறித்தாள் பட்டாணி.

"எத்தனைல போனே?"

"நாப்பது."

"நிஜமான நாப்பதா?"

"நிஜமான நாப்பதுடி! வண்டியில வந்தவர்தான், 'நடந்தே போயிருக்கலாம் போல'ன்னு அலுத்துக்கிட்டார்."

உள்ளே அப்பாவின் தையல் மெஷின் கடகடவென்று ஆடி நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மிச்ச ஸ்க்ரூவை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெஷினில் மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.