வெள்ளையம்மாவின் சுட்டுவிரல்

மழைக்கு ஒதுங்க ஓடிய வேகத்தில்தான் அது நடந்தது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளையம்மா தலையைக் குனிந்தபடி ஓடிவர, உள்ளேயிருந்து ஒருவன் தட்டோடு வெளியே வர... டங்! சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் சிமெண்டுத் தரையெங்கும் சிதறின.

"அலமாக்! இருபது பேரோட ரத்தம் அதுல இருந்துச்சு!" என்று பதறினான் அவன்.

"கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலையா?" என்று சீறினாள்.

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி படிந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்... இமைக்கவே மறந்து.

"இப்பத்தாங்க நல்லாத் தெரியுது" என்றான்.

வெள்ளையம்மாவுக்குக் கோபத்தில் பாதி கரைந்தது. கால்சட்டை போட்டவர்கள் யாரும் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. அவன் பார்வை அவள் முந்தானைக்குள் மறைத்திருந்த கைமேல் விழுந்தது.

"கையில என்னங்க?"

அவன் பெயர் சதாசிவம். பட்டணமான ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு வாரத்துக்கு வந்திருந்தான். ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியாவா இல்லையா என்று சொல்வது அவன் வேலை.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. பால்வெட்டுக் கத்தி சுட்டுவிரலைக் கீறி ஐந்து நாளாகியிருந்தது. விரல் கத்தரிக்காய்போல வீங்கி, மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலேறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டும் டிரெஸர் கீறிச் சீழை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. கோடு முழங்கையைத் தாண்டிருச்சுன்னா விரலை எடுக்கச் சொல்லிருவாரு."

விரல் போனால் கத்தியை எதால் பிடிப்பது? அப்பா இல்லாத வீடு. அம்மா ராசம்மா புல் வெட்டிக் கொண்டுவரும் கூலி அரிசிக்கே போதாது. வெந்நீர் ஒத்தடத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டு வெள்ளையம்மா சத்தமில்லாமல் அழுதாள்.

அப்போதுதான் சதாசிவம் வந்து, கிண்ணத்திலிருந்த சீழில் ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தான். முகம் சுளிக்கவே இல்லை.

"சீ... அதைப் போய் எதுக்கு?"

"வந்து பாருங்க. அப்புறம் சீன்னு சொல்லுங்க."

ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு... நீலச் சாயத்தில் ஓர் உலகம்!

"மணி மணியா கோத்த மாதிரி இருக்கே, அது?"

"அதுதான் கிருமி. கத்திக் கீறல் வழியாப் பூந்த திருடன்."

"அந்த மணியை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு உருண்டையா ஒண்ணு..."

"உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு."

சட்டென்று நிமிர்ந்தாள். "என் பேரை வெச்சுக் கேலி பண்றீங்களா?"

"உங்க பேரே எனக்கு இன்னும் தெரியாதே லா!"

பெயரைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது... ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

"கண்ணு இல்ல, காது இல்ல. திருடன் வந்தது இதுக்கு எப்படித் தெரியுது?"

சதாசிவம் வியந்து பார்த்தான். சிங்கப்பூரில் அவனோடு படித்த ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"கிருமி இருக்கிற இடத்துலேருந்து வாடை மாதிரி ஒண்ணு கசியும். இது ரத்தக்குழாயைப் பிதுக்கிக்கிட்டு வெளிய வந்து, அந்த வாடையைப் புடிச்சு ஊர்ந்து போகும். ரத்தத்துல இருக்கிற இன்னொரு பொருள் கிருமிமேல போய் ஒட்டிக்கும்... வெறுஞ்சோத்துல குழம்பு ஊத்தின மாதிரி. அப்புறம் ஒரே முழுங்கு!"

"யாரும் சொல்லாமயேவா?"

"யாரும் சொல்லாம. நீங்க அழுதுக்கிட்டிருந்த அஞ்சு நாளும் இதுங்க ஓயல. சீழுன்னா அசிங்கம் இல்லீங்க... உங்களுக்காகச் செத்ததுங்க."

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்து நீலம் கலங்கியது. இவ்வளவும் தனக்குள்ளேயா! அதுவரை அவனிடமிருந்து ஒளித்து வைத்திருந்த கையை எடுத்து அவன் முன்னால், மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் காலை கோடு மங்கி மணிக்கட்டுக்கே இறங்கியிருந்தது. விரல் தப்பியது. சதாசிவம் துள்ளாத குறையாக வெள்ளைக்கார டாக்டரிடம், "வெரி குட் கேஸ், சார்!" என்றான்.

வெள்ளையம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'கேஸ்' என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதானா நான்... ஒரு கேஸ்? அந்தக் கண், அந்தச் சிரிப்பு, அந்த 'ங்க'... எல்லாம் ஒரு கேஸுக்கா?

அதன்பிறகு அவள் கட்டு மாற்றப் போகவில்லை. அம்மாவே வெந்நீரில் கழுவிக் கட்டினாள். அவன் டிரெஸரிடம் இரண்டு முறை சொல்லியனுப்பினான். "விரல் இருக்கு, போதும்னு சொல்லுங்க" என்று திருப்பியனுப்பினாள். ஆனால் மரத்தில் பால் வெட்டும்போதெல்லாம் மனம் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை, ரப்பர் மர நிரைக்குள் காலடிச் சத்தம். முழங்கால்வரை சேறு, கையில் துணிச்சுருள்... சதாசிவம்!

"கட்டு மாத்தணும். கையைக் குடுங்க."

"கேஸ் நல்லாயிருச்சுன்னு டாக்டருக்கு எழுதிப் போடுங்க."

அவன் திகைத்தான். பிறகு புரிந்தது. முகம் வாடிவிட்டது.

"உங்க பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்... முடியல."

"ஏன், கூலிக்காரி பேரு நாக்குல வராதோ?"

"வரும். வந்தா என் குரலே என்னைக் காட்டிக் குடுத்திரும். டாக்டர் முன்னாடி அந்தப் பயத்துலதான்... தப்புதாங்க."

இலைகளில் தங்கிய மழை ஒவ்வொரு சொட்டாக இருவர் மேலும் விழுந்தது.

"இங்க டாக்டர் இல்லியே" என்றாள் மெல்ல. "சொல்லுங்க, பாப்போம்."

"வெள்ளையம்மா..."

குரல் நடுங்கியது. அவன் சொன்னது பொய்யில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவன் கட்டை அவிழ்த்தான். விரல்கள் பட்டுக்கொண்டன... இருவரும் நிமிரவில்லை.

"நாளைக்கு நான் ரயிலேறணும்" என்றான்.

"திங்கக்கிழமையும் ரயில் ஓடும். ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுலதான் இருப்பாங்க." அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இதே குரல்ல வந்து அவங்ககிட்ட கேளுங்க."

சதாசிவம் சனிக்கிழமை ரயிலில் ஏறவில்லை.