லண்டனில் மத்தியானம் இரண்டு மணி

ஞாயிறு காலை 7.40. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் ரத்தினம்மா பீரோவைத் திறந்து அலறினாள். மகள் ஷில்பாவின் மாங்காய் மாலையைக் காணோம். முகூர்த்தம் பத்தரைக்கு.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஸ்வப்னா வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு அமலாவின் கன்னத்தில் ரத்தினம்மாவின் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"இவதான் மேடம்! ஸ்டேஷனுக்கு இட்டுகினு போங்க."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறுக்கு. எட்டு வரைக்கும் நானும் பொண்ணும் மண்டபத்துல. வந்ததும் பீரோ முன்னாடியே பாய் போட்டுப் படுத்துகினேன்."

பூட்டு உடையவில்லை. சாவி அரிசி டிரம்மில். பின்கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தே தூக்கலாம்.

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்கும் இவளுக்கும்தான்."

"அதோ நிக்கிற உங்க மகன்?"

"ரூபேஷா? அவன் அப்போ வானத்துல இருந்தான் மேடம்!"

ஆறு வருடமாக லண்டனில் வேலை செய்பவன் என்றாள் ரத்தினம்மா. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருக்கிறான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்போ கெளம்புன?"

"நேத்து மத்தியானம் ரெண்டு மணி. லண்டன் டைம். அங்க நல்ல வெயில்."

"எவ்ளோ தூரம்?"

"எட்டாயிரம் கிலோமீட்டர். நேர் ஃபிளைட், பத்து மணி நேரம். கரெக்டா ராத்திரி பன்னெண்டுக்கு பெங்களூர்ல இறங்கினேன். டாக்ஸி புடிச்சு மூணு மணிக்கு அம்மாவ எழுப்பினேன்."

"பாஸ்போர்ட்?"

"டாக்ஸியிலயே வுட்டுட்டேன் மேடம்."

ஸ்வப்னா விரல்விட்டுக் கூட்டினாள். ரெண்டும் பத்தும் பன்னிரண்டு. கணக்கு சுத்தம். அந்தச் சுத்தம்தான் அவளை உறுத்தியது.

"மஞ்சுநாத், இவன் பையைக் கொட்டு!"

கான்ஸ்டபிள் கவிழ்த்த பையிலிருந்து, சுருட்டிய பனியனுக்குள் மாங்காய் மாலை உருண்டது.

"இன்னா மேடம் இது? யாரோ வெச்சிட்டாங்க..."

"எவனும் வெக்கல. வெயில் காலத்துல லண்டன்ல ரெண்டு மணின்னா இங்க சாயங்காலம் ஆறரை. பத்து மணி நேரம் பறந்தா விடிகாலை நாலரைக்குத்தான் இறங்கும். மூணு மணிக்கு நீ கதவத் தட்டினப்போ அந்த ஃபிளைட் இன்னும் ஆகாசத்துல இருந்திருக்கும்டா!"

ரூபேஷ் கோட்டைக் கழற்றினான்.

"உங்கப்பா மாதிரி ஷிப்ட் கணக்கு போட்டுட்ட. ரெண்டு மணிக்குச் சுரங்க லிஃப்ட் கேஜ்ல இறங்கினா, எட்டு மணி நேரம், பத்துக்கு வெளிய வந்துடலாம். சுரங்கத்துல எந்த லெவலுக்குப் போனாலும் ஒரே கடிகாரம். ஃபிளைட்ல ஒரு தடவையாவது ஏறியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். நேத்து சாயங்காலமே பெங்களூர்லேருந்து மாரிகுப்பம் ரயில்லதானே வந்த?"

ரூபேஷ் ஆமென்று தலையாட்டினான்.

"வேலை பெங்களூர் வைட்ஃபீல்டுலதான் மேடம். அதுவும் போயி நாலு மாசமாச்சு."

அமலா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "இப்போ சொல்லுங்கக்கா, யாரை இட்டுகினு போகணும்?"

ரத்தினம்மா அவளையும் பார்க்கவில்லை, மாலையையும் பார்க்கவில்லை. மகன் எதிரில் போய் நின்றாள்.

"ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டுதும்மான்னு போன்ல சொன்னியேடா... அதுவுமா?"