யார் வீட்டுச் சுவர்

காயப்போட்ட புடவையின் நுனி தரைச் சேற்றில் பட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொடிக்கயிற்றின் ஒரு முனை வீட்டு ஜன்னல் கம்பியில் இருந்தது, மறுமுனை எதிரே இருந்த கருங்கல் சுவரின் ஆணியில். இரண்டு முடிச்சும் அவிழவில்லை. போன வாரம்வரை விண்ணென்று நின்ற கயிறு, இப்போது நடுவில் வயிறு தள்ளித் தொங்கியது.

அவள் தையல்காரி. இருபது வருடமாக அடுத்தவர் உடம்பை அளந்து பழகிய கை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே பிடித்தாள். நாற்பத்தொரு அங்குலம். வீடு பிரித்த அன்று அவளே அளந்தபோது நாற்பத்தெட்டு. ஆள் சதை போட்டால் அளவு மாறும். கல்லுக்கு என்ன வந்தது?

மேட்டு வீடு ஓரகத்தியுடையது, பள்ளத்து வீடு இவளுடையது. ஒரே மனையை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது, மேட்டு மண் சரியாமல் தாங்கி நின்ற அந்த ஆளுயரச் சுவர் யாருக்கு என்று பத்திரத்தில் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி, அதாவது இவள் கணவர், பக்கவாதத்தில் விழுந்து பேச்சில்லாமல் இரண்டு வருடமாகப் பின்னறைக் கட்டிலில் கிடக்கிறார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் சுவர்தான்.

தூறலில் பக்கவாட்டுப் படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். ஓரகத்தி பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"அக்கா, சுவர் சாயுது. ஏழு அங்குலம் கிட்ட வந்திருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிடலாம்."

"உன் பக்கம்தானே சாயுது. அப்ப அது உன் சுவர்."

"தாங்குறது உங்க மண்ணை."

"நானா தாங்கச் சொன்னேன்?" ஓரகத்தி கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "ஆமா, மூணு நாளா எதுக்கு அந்தச் சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்கே? உட்கார முடியல, படுக்க முடியல."

அந்தத் தட்டலை அவளும் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஓரகத்தி வம்புக்கு எதையோ வைத்து இடிக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மிஷினை இன்னும் வேகமாக மிதித்திருந்தாள்.

"நான் தட்டல அக்கா."

"அப்ப நானா?" கதவு சாத்திக்கொண்டது.

மதியம் கொத்தனார் வந்தார். சுவரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பவரைப் போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்ணி வடியறதுக்கு ஏழு ஓட்டை விட்டிருக்காங்க. ஏழையும் யாரோ சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்காங்க. அத்தனை மழைத்தண்ணியும் உள்ளேயே நின்னு தள்ளுது. யார் அடைச்சது?"

"தெரியலயே."

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அவள்தான் அடைத்தாள். மேட்டு வீட்டுக் கழிவெல்லாம் தன் வாசலில் வடிவதா என்ற ஆத்திரத்தில், கரண்டியால் கலவையைக் குழைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தாள். அப்போது பேச்சிருந்த கணவர், வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

"ரெண்டு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் நான் இதுல கை வைப்பேன், தையல்காரம்மா. நாளைக்கு விழுந்தா என் தலையில கட்டிடுவீங்க. அதுவரைக்கும் உங்க வீட்டுக்காரரைப் பின் ரூம்ல வெச்சுக்காதீங்க."

அவர் போனதும் கணவரை முன்னறைக்கு மாற்றப் பார்த்தாள். தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினால், அவர் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்தாள். மறுபடியும் பிடித்தார். முகம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடி, பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்பவர் போல, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டல். கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டல்.

கணவரின் விரல் கம்பியை மூன்று தரம் தட்டியது. பிறகு, இரண்டு வருடமாக ஒரு சொல்லும் வராத வாயிலிருந்து தெளிவாக வந்தது.

"இதோ."

அவள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அடைத்தவளே திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், சுவர் நிற்கும், எல்லாம் சரியாகிவிடும். மழை வலுத்து, கூரைத் தகரத்தில் அது விழுகிற இரைச்சலும் உளி கல்லில் வழுக்குகிற கிறீச்சும் அவளுடைய மூச்சும் அந்தக் குறுகிய சந்துக்குள் ஒன்றோடொன்று மோதித் திரும்பின. ஈரக் கல்லின் பாசி நாற்றம் நாக்கில் படிந்தது. முதல் அடைப்பு உடைந்து உள்ளே விழுந்தது. பீறிட்டு வரப்போகும் தண்ணீருக்குப் பயந்து அவள் ஒதுங்கினாள்.

ஒரு சொட்டு வரவில்லை.

இரண்டாவதை உடைத்தாள். மூன்றாவது. எல்லாம் உலர்ந்திருந்தன. காற்று மட்டும் வந்தது. வெதுவெதுப்பான காற்று. மண் வாசனை இல்லை. வியர்வையும் எண்ணெய்த் தலையும் கலந்த வாசனை. ஜன்னலைச் சாத்திவிட்டு நிறையப் பேர் படுத்துறங்கிய அறையைக் காலையில் திறந்தால் வருமே, அந்த வாசனை.

திரைச்சீலைக் கம்பியைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் விட்டாள். ஒரு முழம் போனது. இரண்டு முழம். மண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எதிலும் படவில்லை.

பிறகு கம்பி அசையவில்லை.

சிக்கவில்லை. சிக்கினால் இப்படி இருக்காது. உள்ளிருந்து ஏதோ அதைப் பிடித்திருக்கிறது. அவள் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது, மெதுவாக. கையை விட்டாள். கம்பி வழுக்கிக்கொண்டு முழுவதும் உள்ளே போனது.

எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓரகத்தி கதவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான்தான் ஓட்டையை அடைச்சேன். சுவர் என்னுதுதான். முழுக்க என்னுதுதான். நீங்க வந்து அவரைத் தூக்க மட்டும் ஒரு கை குடுங்க."

ஓரகத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சுவரு உன்னுதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுவியா?"

"சொல்றேன். வாங்க அக்கா."

படியிறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் கட்டிலின் இரும்புக்கால் இழுபடும் சத்தம். இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"உள்ளே வேற யாரு இருக்கா?" என்றாள் ஓரகத்தி.

யாரும் இல்லை.

பின்னறை இருட்டாக இருந்தது. பட்டப்பகலில் அத்தனை இருட்டு எப்படி வந்தது என்று கண் பழகிய பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. கம்பிகள் வளையவில்லை, உடையவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் கல் இருந்தது. வானம் இல்லை, சந்து இல்லை, கம்பியை ஒட்டிக் கல்தான். பின்கதவைத் தள்ளினாள். நான்கு விரற்கடை திறந்து கல்லில் இடித்தது.

கட்டில் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. கணவர் இல்லை. படுக்கையில் சூடு இருந்தது.

தலையணைக்கு நேரே, கல்லில், அவள் உடைத்த ஓட்டைகளில் ஒன்று. அதிலிருந்து விரல்கள் வந்தன. கம்பிக்கு இப்பால் நீண்டு, காற்றைத் தடவின. நகத்தை நேற்றுத்தான் அவள் வெட்டிவிட்டிருந்தாள்.

அவள் கட்டிலில் ஏறி அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். சூடாக இருந்தது. அதுவும் இவள் கையை இறுகப் பற்றிக்கொண்டது.

"இருங்க. நான் இழுக்கிறேன். விட்டுடாதீங்க."

அவர் விடவில்லை. அவள் மணிக்கட்டு ஓட்டைக்குள் போனது.

"அக்கா, என் இடுப்பைப் பிடிச்சுக்குங்க."

திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தி நிலைப்படியில் நின்றிருந்தாள். ஒரு கால் அறைக்குள், ஒரு கால் வெளியே.

"அக்கா. பிடிங்க."

ஓரகத்தி உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டாள். சத்தம் வராமல், தூங்கும் குழந்தையின் அறையிலிருந்து வெளியேறுவது போல, கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

முழங்கை போனது. தோள் இடித்து நின்றது. கம்பி மார்பில் அழுந்த, கன்னம் ஈரக்கல்லில் ஒட்டிக்கொண்டது. காதுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு அமைதி. நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் அமைதி. அவள் விரல்களை ஒரு கை தடவியது. பிறகு இன்னொரு கை. பிறகு, வரிசையில் நிற்பவர்களைப் போல ஒவ்வொன்றாக, மற்றக் கைகள்.