வெண்மண் கிரகத்தின் ஆறாவது கேசட்

"ரைட்டரய்யா இங்கதானுங்களே இருக்காரு?"

கேட்டவளின் காலில் செருப்பு இல்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, வெள்ளைச்சாமியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. கடைசி மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாள் தலை நிமிர்ந்தார். பதினெட்டு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் தன் கையால் எழுதி அலுத்துப்போய் வேலையை விட்டவர். இப்போது யாராவது தேடி வந்தால் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்.

"உக்காரும்மா. என்ன நடந்துச்சு?"

"என் பேரு பொன்னாயிங்க. என் வூட்டுக்காரரு ராசாங்கம், வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. விடியக்காலம் முழிச்சுப் பாத்தா ஆளக் காணோம். பருத்திக்கு அடிக்க வச்சிருந்த மருந்து பாட்டிலையும் காணோம்."

வெள்ளைச்சாமி துள்ளி எழுந்தார். "ராசாங்கமா? 'வெண்மண் கிரகம்' ராசாங்கமா? ராக்கெட் செஞ்சவரு!"

அந்த 1987-ஆம் வருடம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் 'வெண்மண் கிரகம்' தெரியாதவர்கள் குறைவு. கல்யாண வீடியோ எடுக்கும் தங்கசாமி, அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றை வேற்றுக் கிரகமாக்கி எடுத்த தொடர் அது. தார் டிரம்களை ஒட்டிச் செய்த விண்கப்பல். அலுமினிய அண்டாவை வெட்டிச் செய்த தலைக்கவசம். ஐந்து பாகங்கள் வீடியோ லைப்ரரிகளுக்கு வந்துவிட்டன. சனங்கள் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். ஆனால் ஆறாம் பாகத்துக்காகத் தவித்துக் கிடந்தார்கள். ஐந்து பாகமாக முகம் காட்டாத கிரகத்து ராணி அதில்தான் கவசத்தைக் கழற்றப்போகிறாள்.

"அந்த ஆறாவது கேசட்ட அவருதான் அழிச்சிட்டாருன்னு தங்கசாமி நேத்து கடைவீதியில வச்சுக் கத்திட்டாருங்க" என்றாள் பொன்னாயி. "ரெண்டு நாளு கேசட்டு இவரு கையிலதான் இருந்துச்சாம். இவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'நான் அழிக்கல. யாரு அழிச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க.' அப்புறம் சோறும் திங்கல, பேசவும் இல்ல."

"மருந்து பாட்டில் தவிர வேற என்ன காணோம்?"

அவள் யோசித்தாள். "பெரிய ஸ்பேனர் ஒண்ணு. மாட்டுற ஆணியில இல்ல."

அய்யம்பெருமாள் எழுந்து சட்டையை மாட்டினார்.

"நாலு பக்கமும் ஆள் அனுப்பித் தேடுவோமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"அனுப்பு. ஆனா எங்க போனான்னு தெரியணும்னா ஏன் போனான்னு தெரியணும். அழிச்சது யாருன்னு கேக்காதேன்னு சொல்றவனுக்கு அது யாருன்னு தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. வா."

தங்கசாமியின் ஸ்டுடியோ இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன.

"போச்சு சார். எட்டு மாச உழைப்பு. படம் புடிச்ச ஒரிஜினல் கேசட்டுங்கள்ல ஆண்டிமடத்துக் கல்யாணத்த ஏத்திட்டேன். முழுசா வெட்டி ஒட்டின மாஸ்டர் இது ஒண்ணுதான். ராசாங்கத்துக்கு டைட்டில்ல பேரு போடலன்னு கோவம்."

"கேசட் யார் யார் கைக்குப் போச்சு?"

"செவ்வாக்கெழமை சாயங்காலம் முடிச்சேன். புதங்கெழமை ராசாங்கம் அரியலூருக்கு எடுத்துட்டுப் போனான். அங்க அரங்கநாதன் வீடியோ லைப்ரரியிலதான் காப்பி போடுவாங்க. அவரு அன்னிக்கு நேரமில்லன்னு கேசட்டத் தொடாமயே திருப்பிக் கொடுத்துட்டாராம். ராத்திரி திருமழபாடியில அவன் அக்கா வூட்டுல தங்கிட்டு, வியாழக்கெழமை என்கிட்ட கொடுத்தான். பீரோவுல வச்சுப் பூட்டினேன். நேத்து எடுத்து வீடியோ டெக்ல போட்டு பட்டன அமுக்குறேன், ஒரே புள்ளி புள்ளியா ஓடுது. ரெண்டு நிமிஷம் பாத்தேன். மேல பாக்கத் தெம்பில்ல. அப்படியே வெளிய எடுத்து வச்சிட்டேன்."

அய்யம்பெருமாள் அலமாரியில் அடுக்கியிருந்த ஐந்து மாஸ்டர் கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் கண்ணாடி வழியே பார்த்தார். ஐந்திலும் டேப் வலது பக்கச் சக்கரத்தில் சுற்றியிருந்தது.

"இதையெல்லாம் ஏன் ரீவைண்ட் பண்ணல?"

"மாஸ்டர ரீவைண்ட் பண்ண மாட்டோம் சார். சும்மா சும்மா ஓட்டினா டேப் தேஞ்சிடும். முடிஞ்ச எடத்துலயே விட்டுருவோம். தேவைப்படுறப்ப மட்டும் சுத்திக்குவோம். ராசாங்கத்துக்கும் அத அடிச்சு அடிச்சு சொல்லி வச்சிருக்கேன்."

ஆறாவது கேசட்டை அய்யம்பெருமாள் கையில் வாங்கினார். அதில் டேப் கிட்டத்தட்ட முழுக்க இடது பக்கம் இருந்தது. கேசட்டின் முதுகைத் திருப்பினார். பதிந்து முடித்ததும் அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார்கள். அதன்பின் எந்த டெக்கும் அதில் வேறு எதையும் பதியாது. அந்த ஓட்டையை ஒட்டுநாடாவால் மூடினால்தான் பதியும். ஓட்டையின் ஓரத்தில் பசை பிசுபிசுத்தது.

"காந்தம் எதுவும் பட்டிருக்குமோ ரைட்டரே?" என்றார் வெள்ளைச்சாமி ஆவலாக.

"காந்தம் ஒட்டுநாடா ஒட்டாது வெள்ளை." அவர் தங்கசாமியிடம் திரும்பினார். "ராணியா நடிச்ச பொண்ணு யாரு?"

"ராசாங்கத்தோட மச்சினிச்சி. அவன்தான் கூட்டிட்டு வந்தான். பாவம், அந்த அண்டா விளிம்பு காதுக்குக் கீழ அறுத்து மூணு தையல் போட்டாங்க. அப்பவும் நடிச்சே தீருவேன்னுச்சு."

வாசலில் நின்ற பொன்னாயியின் முகம் வெளிறியது.

"மச்சினிச்சியா? எங்க அப்பனுக்கு நான் ஒருத்திதான் புள்ள. எனக்கு ஏது தங்கச்சி?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவ யாரு? அவளுக்காகத்தான் மருந்தத் தூக்கிட்டுப் போனாரா?"

"அழுவாதம்மா. கார்ல ஏறு" என்றார் அய்யம்பெருமாள். "அரியலூர்ல பதில் இருக்கு."

வாடகை அம்பாசிடர் அரியலூர் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அரங்கநாதனின் லைப்ரரி வாசலில் பலகை தொங்கியது: 'ரீவைண்ட் செய்யாத கேசட் திரும்பப் பெறப்பட மாட்டாது.' உள்ளே அரங்கநாதன் கல்லாவில் இருந்தார். ஐம்பது வயது. நெற்றி நிறைய விபூதி.

"கேசட்டா? நான் டப்பாவையே தொறக்கல சார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கெளம்புற நேரத்துல கொண்டாந்தான். வச்சிட்டுப் போன்னேன். சாயங்காலம் அப்படியே எடுத்துக் கொடுத்துட்டேன். டெக்ல போடவே இல்ல."

பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் கேசட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அரங்கநாதன் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாய் இவர்களோடு பேசிக்கொண்டிருக்க, கை கேசட்டை எடுத்துப் பக்கத்திலிருந்த டெக்கில் நுழைத்து, ரீவைண்ட் பட்டனை அமுக்கியது.

பின்கதவு வழியாக இருபது வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். "அப்பா, ஆறிடப் போவுது" என்றவள், பொன்னாயியின் அழுத முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என் மக தனம்" என்றார் அரங்கநாதன். "அடுத்த வெள்ளிக்கெழமை நிச்சயம் வச்சிருக்கோம்."

அவள் காதுக்குக் கீழே புதிதாக ஆறிய தழும்பு ஒன்று இருந்தது.

அய்யம்பெருமாள் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். ஆறாவது கேசட்டை எடுத்து டெக்கில் போட்டார்.

"அது அழிஞ்ச கேசட்டு சார், எதுக்கு..." அரங்கநாதன் முடிக்கவில்லை.

"அழிஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கடைசி வரைக்கும் பாத்தவங்க யாரும் இல்ல." அவர் வேகமாக ஓட்டினார். திரையில் புள்ளிகள் கொதித்தன. "அரங்கநாதன், கேசட்ட நீங்க டெக்ல போடலன்னா இது ரீவைண்ட் ஆகியிருக்காது. தங்கசாமி முடிஞ்ச எடத்துல விட்டுத்தான் அனுப்பினாரு. ராசாங்கத்துக்கு ரீவைண்ட் பண்ற பழக்கம் கிடையாது. திருமழபாடியில அவன் அக்கா வூட்டுல டெக் இருக்க வாய்ப்பு கம்மி. தங்கசாமி நேத்து போட்டப்போ சுத்தாமயே ஆரம்பத்துலேர்ந்து ஓடுச்சு. இதைச் சுத்தினது, பாக்காமயே கையால ரீவைண்ட் பண்ற ஒரு ஆளு."

அரங்கநாதனின் கை மேசை விளிம்பைப் பற்றியது.

"முதல்ல போட்டுப் பாத்தீங்க. கடைசியில ராணி முகத்தைக் காட்டினா. உங்களுக்கு உலகமே இருண்டிருக்கும். ஓட்டையில ஒட்டுநாடா ஒட்டி, ஆரம்பத்துலேர்ந்து பதிய விட்டுட்டு, ஷட்டரப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டீங்க. திரும்பி வந்தப்ப டெக் நின்னிருந்துச்சு. எல்லாம் அழிஞ்சு முடிஞ்சுதுன்னு நெனச்சு, வழக்கம்போல ரீவைண்ட் பண்ணி டப்பாவுல போட்டீங்க. எவ்வளவு ஓடியிருக்குன்னு ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?" என்றார் வெள்ளைச்சாமி.

"உங்க ஊர்ல ரெண்டு மணிக்கு என்ன ஆகும் அரங்கநாதன்?"

"கரண்டு கட்டு..." என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

புள்ளிகள் சட்டென்று நின்றன. வெள்ளைப் பாறைகள் தெரிந்தன. நாற்பதாவது நிமிடம். அய்யம்பெருமாள் மறுபடி வேகமாக ஓட்டி ஓரிடத்தில் விட்டார். தார் டிரம் கப்பலின் முன்னால் நின்ற ராணி, இரண்டு கையாலும் அண்டாக் கவசத்தைத் தூக்கினாள். வியர்த்த முகத்தோடு, காதோரம் பிளாஸ்திரியோடு, தனம் கேமராவைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளையா?" என்றாள் பொன்னாயி. அவள் குரலில் கோபமும் ஆறுதலும் சேர்ந்து உடைந்தன.

தனம் அழுதுகொண்டே பேசினாள். "ராசாங்கண்ணன் டெக் ஸ்டாண்டு செய்ய வந்தப்ப நான்தான் கெஞ்சினேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு, மச்சினிச்சின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்கன்னேன். காப்பி போடுறப்ப அப்பா படத்தப் பாக்க மாட்டாரு, வெளிய வந்தப்புறம் நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு."

"ஊர் வாயில பொண்ணு விழுந்திரக் கூடாதுன்னுதான்..." அரங்கநாதன் நாற்காலியில் சரிந்தார். "அவன் மேல பழி விழும்னு நெனக்கலங்க. கேசட்டு கெட்டுப் போச்சுன்னு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"உங்க பொண்ணு பேர வெளியில விடக் கூடாதுன்னு அவன் மருந்து பாட்டிலோட போயிருக்கான்" என்றார் அய்யம்பெருமாள். "கூட ஒரு ஸ்பேனரும் எடுத்துட்டுப் போயிருக்கான். மருந்து குடிக்கப் போறவனுக்கு ஸ்பேனர் எதுக்கு?"

தனம் அலறினாள். "கப்பல்! மாடு மேய்க்கிறவங்க உள்ள பூந்துடுறாங்கன்னு கப்பல் கதவ நட்டு போட்டு இறுக்கி வச்சிருக்காரு!"

அய்யம்பெருமாள் கேசட்டை வெளியே எடுத்து அரங்கநாதன் மடியில் வைத்தார். "ஏறுங்க கார்ல. ரெண்டு பேரும்."

குவாரிக்குப் போகும் வழியெல்லாம் கல் லாரிகளின் புழுதி. பொன்னாயி முன் ஸீட்டில் டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தாள். "இன்னும் வேகமா போங்கண்ணே, இன்னும் வேகமா."

பழைய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மறு கரையில், வெள்ளைத் திட்டின் மேல், வெள்ளிப் பெயின்ட் உரிந்த தார் டிரம் கப்பல். அதன் கதவு திறந்து கிடந்தது. வாசலில் ராசாங்கம் உட்கார்ந்திருந்தான். கையில் பாட்டில். மூடி பக்கத்துப் பாறையில் இருந்தது.

"யோவ்!" பொன்னாயி அலறினாள்.

"வராதீங்க! யாரும் சுத்தி வராதீங்க!" அவன் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "நான் திரும்பி வந்தா ஊரு கேக்கும். கேட்டா நான் சொல்லணும். என்னால முடியாது!"

"சுத்திப் போகப் பத்து நிமிஷம் ஆகும்" என்றார் அய்யம்பெருமாள் மெதுவாக, அரங்கநாதனின் காதருகில். "அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். இங்கேர்ந்து குரல் மட்டுந்தான் போகும்."

அரங்கநாதன் இந்தப் பக்கம் பார்த்தார். அடுத்த குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த நாற்பது பேர் சம்மட்டியைப் போட்டுவிட்டு விளிம்பில் வந்து நின்றிருந்தார்கள். அதில் பாதிப் பேர் விக்கிரமங்கலத்துக்காரர்கள். மாப்பிள்ளை ஊர். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"ராசாங்கம்! கேசட்ட நான்தான் அழிச்சேன்! அரங்கநாதன்தான் அழிச்சேன்! நீ இல்ல!"

பாறைகள் அதைத் திருப்பிச் சொல்லின. ராசாங்கம் அசையவில்லை.

"ஏன்யா அழிச்ச?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அந்தக் கேள்விக்குத்தான் ராசாங்கம் பயந்தான். அவன் பாட்டிலை உயர்த்தினான்.

தனம் தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள். "ராசாங்கண்ணே! அந்த ராணி நான்தான்! எல்லாரும் கேட்டுக்குங்க, வெண்மண் கிரகத்து ராணி நான்தான்! சத்தியத்த நானே முறிச்சிட்டேன். இனிமே நீங்க யாருக்காகவும் வாய மூட வேண்டாம்!"

பிறகு விளிம்பில் நின்ற ஒரு கிழவர் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே சத்தமாகக் கேட்டார். "ஏம்மா, இந்த மூஞ்சியப் பாக்கத்தானே நாங்க அஞ்சு பாகம் காத்துக் கெடந்தோம்? அரங்கநாதா, நீ அழிச்சதுதான்யா குத்தம்!"

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். மறு கரையில் ராசாங்கம் குனிந்தான். பாறை மேலிருந்த மூடியை எடுத்தான். மூன்று முறை தவறி, நான்காம் முறை பாட்டிலில் திருகினான். அப்புறம்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பொன்னாயி அதற்குள் பாதிச் சுற்று ஓடிவிட்டிருந்தாள்.

"விக்கிரமங்கலத்துல இன்னிக்கே தெரிஞ்சிடும்" என்றார் அரங்கநாதன், தரையைப் பார்த்தபடி. "வெள்ளிக்கெழமை அவங்க வருவாங்களா?"

அய்யம்பெருமாள் பொய் சொல்லவில்லை. "தெரியல."

கார் கதவருகில் நின்றபோது அரங்கநாதன் கையிலிருந்த கேசட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இத எந்த எடத்துல நிறுத்தினீங்க?"

"உங்க பொண்ணு முகத்துல."

அவர் அதைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார். "நானே கொண்டுபோய்த் தங்கசாமி கையில கொடுக்கிறேன்" என்றார். "ரீவைண்ட் பண்ணாம."