படகுக்கூலி ஐயாயிரம்

அந்த விளையாட்டில் எல்லோருக்கும் வாள் வேண்டும். பூதத்தைக் குத்த வேண்டும், கோட்டையைப் பிடிக்க வேண்டும், ராஜாவாக வேண்டும். முழங்கால் சேற்றில் நின்று இலை பறிக்க எவனுக்கும் ஆசை இல்லை.

ஊசிக்கு இருந்தது.

ஊசி என்பது பட்டப்பெயர். அவ்வளவு ஒல்லி. வயது பதினொன்று. அம்மாவின் பழைய ஃபோனில்தான் விளையாடுவாள். அந்த ஃபோன் சார்ஜரில் சொருகி இருந்தால்தான் உயிரோடு இருக்கும். அதனால் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து சமைக்கும்போது, அடுப்படியில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். பிளக் அங்கேதான் இருந்தது.

"காலை மடக்குடி, மிதிச்சிடப் போறேன்."

"இரும்மா, இலை வாடிடும்."

"அடுப்புல இருக்கிறது கருகிடும். அது பரவாயில்லையா?"

ஊசியின் தொழில் மருந்து காய்ச்சுவது. விளையாட்டில் ஒரு சதுப்பு நிலம் உண்டு. அங்கே ஒரு செடி. இலையின் ஓரம் ஊதா நிறமாக மாறினால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். பச்சை இலையை எவ்வளவு காய்ச்சினாலும் காயம் ஆறாது. ஊசி பழுத்ததாகப் பார்த்துப் பறிப்பாள், காய்ச்சுவாள், குப்பியில் அடைப்பாள், பாலத்து முனையில் நின்று விற்பாள். குப்பி ஐந்து பொற்காசு.

குப்பியின் மேல் செய்தவர் பெயர் தானாக விழும். 'ஊசி செய்தது.' அது அந்த விளையாட்டின் சட்டம். நல்ல சட்டம். வெளியே கடைத்தெருவிலும் அப்படி ஒரு சட்டம் இருந்தால் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருப்பார்கள்.

இந்த விளையாட்டை அவளுக்குக் காட்டியது அண்ணன். நிஜத்தில் அவனும் ஒல்லிதான். விளையாட்டில் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தடியன். பெயர் கரடி. கரடி சண்டை போடுவான், ஊசி அவன் காயத்துக்கு மருந்து கொடுப்பாள். அவனிடம் மட்டும் காசு வாங்க மாட்டாள்.

சில நாள் கரடியும் இலை பறிக்க வருவான். பறிப்பான் என்றா சொன்னேன்? வாரிக்கொண்டு வருவான். பச்சையும் பழுத்ததும் ஒன்றாக.

"பாதி பச்சைண்ணா."

"கலந்து காய்ச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

"குப்பியில என் பேருல்ல இருக்கு!"

அப்புறம் அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. கிளம்புவதற்கு முன்னால் கரடியைக் கப்பலில் ஏற்றி, விளையாட்டில் இருக்கும் ஒரு தீவுக்கு அனுப்பினான். ஊசி கரடியின் பை நிறைய மருந்துக் குப்பிகளைப் போட்டாள்.

"நீயும் தீவுக்கு வந்துடு. அங்கே காத்திருக்கேன். படகுக்கூலி ஐயாயிரம்தான்" என்றான் அண்ணன்.

"ஐயாயிரமா! என்கிட்ட இருக்கிறது அறுபது!"

"சேர்த்துடு."

அந்த விளையாட்டில் கரையில் இருப்பவர் தீவில் இருப்பவரோடு பேச முடியாது. சந்தைச் சரக்கும் காசும் மட்டும்தான் கப்பலில் போய்வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோன் செய்யும்போதுதான் கேட்பாள்.

"கரடி எப்படி இருக்காண்ணா?"

"ஜம்முன்னு இருக்கான். காத்துக்கிட்டு இருக்கான். சீக்கிரம் வா."

ஊசி பறித்தாள், காய்ச்சினாள், விற்றாள். மழை வந்து போனது. பரீட்சை வந்து போனது. காசு மட்டும் நத்தை மாதிரி நகர்ந்தது.

மாடிவீட்டுச் சோடாபுட்டிக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. தடிமனான கண்ணாடி போட்ட பையன். அவனும் அதே விளையாட்டுதான்.

"இலைக்காரி, எவ்வளவு சேர்ந்துச்சு?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்."

"நான் அதை ஒரே நாள்ல சம்பாதிப்பேன். சொல்லித் தரவா? புதுசா வர்றவன்கிட்ட சிவப்புக் கல்லைக் காட்டணும். அவன் சரின்னு சொல்லப் போற நேரத்துல டக்குன்னு எடுத்துட்டு, சிவப்புக் கண்ணாடித் துண்டை வைக்கணும். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். பார்க்காம 'சரி'யை அமுக்கிடுவான்."

"வேணாம்."

"ரொம்ப நல்லவளா நீ?"

"அவன் காசையெல்லாம் நீ பிடுங்கிட்டா, நாளைக்கு எதை வெச்சு என்கிட்ட மருந்து வாங்குவான்?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி மட்டும் சுத்தமாயிற்று.

ஒருவழியாக ஐயாயிரம் சேர்ந்தது. ஊசி படகுக்காரனிடம் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஒரு கட்டு இலையோடு கப்பல் ஏறினாள்.

தீவுக் கரையில் கரடி நின்றுகொண்டிருந்தான். அதே உடம்பு, அதே கிழிந்த தோல் சட்டை. மேலெல்லாம் காயம். ஊசி ஓடினாள். எழுத்துப் பிழையோடு அடித்தாள்.

"அண்ணா! வந்துட்டென்!"

"யார் நீ?" என்றான் கரடி.

"விளையாடாதே. ஊசி."

கரடி பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினான்.

"இதுல பேர் போட்டிருக்கிற ஊசியா? நல்ல மருந்து. ஒண்ணுகூட மோசமில்லை. இது கடைசி."

"அதை நான்தானே உனக்குக் கொடுத்தேன்?"

"எனக்கா? இல்லையே. நான் இந்தக் கரடியைக் காசு கொடுத்து வாங்கினேன். நிஜக் காசு. பையோட சேர்த்துத்தான் வித்தாங்க. குப்பியெல்லாம் உள்ளேயே இருந்துச்சு."

இப்போது ஊசி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

"எப்போ வாங்கினீங்க?"

"மழை ஆரம்பிச்சப்போ."

மழை நின்றே மாதக்கணக்காகிறது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரடி காத்திருக்கிறான் என்றுதான் அண்ணன் சொன்னான்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "என்னடி, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"புகைம்மா."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

ஊசி முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். யாரோ ஒரு கரடி இன்னும் அங்கேயே நின்றான்.

"வித்தது உங்க அண்ணன்னு எனக்குத் தெரியாது. இந்தக் குப்பியைத் திருப்பித் தந்துடவா?" என்றான்.

அவன் காயங்களை ஊசி பார்த்தாள். இன்னும் ஒரு அடி பட்டால் விழுந்துவிடுவான்.

"குடிங்க. காயத்துக்குத்தான் செஞ்சது."

கரடி குடித்தான். காயங்கள் மறைந்தன.

"இன்னும் காய்ச்சித் தருவியா? உங்க அண்ணனுக்கு என்ன விலைக்குக் கொடுத்தே?"

"அவனுக்குச் சும்மா."

"எனக்கு?"

"அஞ்சு காசு. கடன் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஃபோன் செய்தான்.

"கரடி எப்படி இருக்கான்?" என்று எப்போதும்போலக் கேட்டாள் ஊசி.

"ஜம்முன்னு இருக்கான். நீ எப்போ வர்றே?"

"வந்துட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ பெட்டிகளைத் தொப்தொப்பென்று போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயாயிரமும் சேர்த்தியா?"

"சேர்த்தேன்."

"இலை பறிச்சா?"

"இலை பறிச்சுத்தான்."

"நீ சேர்ப்பேன்னு நான் நினைக்கவே இல்லை."

மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தீர்களா? ஊசியும்தான் காத்திருந்தாள். அவன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். கரடியை விற்றதைவிட இந்த ஒரு பேச்சு அவளுக்கு அதிகமாக வலித்தது.

"பின்னே ஏன் வா, வான்னு சொன்னே?"

"நீ ஆசையா கேட்டே. அலுத்துப்போய் நீயே விட்டுடுவேன்னு பார்த்தேன்."

"எதுக்கு வித்தே?"

"இங்கே எல்லாரும் நல்ல ஷூ போட்டிருந்தாங்க."

அண்ணனே மேலும் பேசினான்.

"சரி விடு. புதுசா ஒரு ஆளை உண்டாக்கிக்கறேன். நீ படகுக்கூலியை மட்டும் அனுப்பு. உனக்குத்தான் வியாபாரம் நடக்குதே."

"முடியாது."

"ஏய், நான் உன் அண்ணன்டீ!"

"தெரியும். சதுப்புல இலை பறி. சந்தையில போடு, கப்பல்ல வரும், நான் வாங்கிக்கறேன். கட்டு ரெண்டு காசு."

"நானா? இலையா?"

"ஐயாயிரம்தான், சேர்த்துடு. தீவுல காத்திருக்கேன்."

ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் அம்மாவோடு மட்டும் பேசினான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஊசி கேட்கவில்லை. தீவில் அவள் கடை நன்றாக நடந்தது. முதல் வாடிக்கை அந்தக் கரடிதான். ஐந்து காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் குப்பியைத் தொடுவான்.

ஒரு சாயங்காலம் கப்பலில் புதுச் சரக்கு வந்தது. அதில் ஒரு இலைக்கட்டு. மேலே பறித்தவர் பெயர் விழுந்திருந்தது: 'புதுக்கரடி பறித்தது.'

ஊசி கட்டைப் பிரித்தாள். சரியாகப் பாதி பச்சை.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினாள். பழுத்த பாதியை எடுத்துக்கொண்டு ஒரு காசு அனுப்பினாள். பச்சையை எல்லாம் மறுபடி கட்டி அதே கப்பலில் திருப்பி ஏற்றினாள்.

"தனியா உட்கார்ந்து எதுக்குடி சிரிக்கிறே?" என்றாள் அம்மா.

ஊசி காலை மடக்கிக்கொண்டாள்.

"அண்ணன் தீவுக்கு வர இன்னும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுதாம்மா பாக்கி."