பிரம்மநாயகம் மோந்த தண்ணீர்

ஊற்றி முடித்து வெகுநேரமாகியும் தண்ணீர் அடங்கவில்லை.

மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பம்பாய் செம்பூரில், குடிநீர்த் திட்டத் தகவல் கூடத்தின் நடுவே, சிமெண்டில் செய்துவைத்த சின்ன அணைக்கும் மலைகளுக்கும் இடையில், தனசீலன் தகர டின்னிலிருந்து கவிழ்த்த ஏரித் தண்ணீர், யாரோ உள்ளே கால் மாற்றி நிற்பதைப் போல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வெளியே மழை அடைத்துப் பெய்ததில் சாயங்காலமே அறை இருண்டுவிட்டது. சுவரில் தொங்கிய குழாய்த் திட்டப் படங்கள் நமுத்துச் சுருள, சேற்று வாடை தரையிலிருந்து மூக்குக்கு ஏறியது.

மாதிரி ஏரியில் அசல் ஏரித் தண்ணீரையே ஊற்றுவது அந்தக் கூடத்து வழக்கம். அணை எழும்பியபோது அந்த ஏரிக்கடியில் ஊர்கள் சில மூழ்கிப்போயிருந்தன. "தொட்டுப் பாருங்கள், நாளை உங்கள் வீட்டுக் குழாயில் வரப்போவது இதுதான்" என்று தனசீலன் சொன்னால் பார்வையாளர்கள் கைநீட்டுவார்கள். அதையே பிரம்மநாயகம் சொன்னால் கைதட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பாத பயல்! ஏரிக்கரையில் திறக்கவிருந்த பார்வையாளர் மாளிகைக்கு விளக்கம் சொல்ல இருவரில் ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்கள். அந்த ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, வீட்டுக்குள்ளேயே குழாய். தாராவியில் மனைவி ஏஞ்சலம்மாள் குடத்தோடு வரிசையில் நிற்பதை நினைத்தால் தனசீலனுக்கு நெஞ்சு எரியும். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்னும் எரியும்.

இன்று காலை தண்ணீர் எடுத்துவரப் பயலைத்தான் அனுப்பினார்கள்.

"எங்கன நின்னு மோக்கணும் அண்ணாச்சி?"

"மேலாக்குல பூராவும் பாசிவே. கடைசிப் படி வரைக்கும் எறங்கு."

"வழுக்காதுல்லா?"

"நான் எத்தன வருசமா எறங்குதேன். என்னைய என்ன, முதலையா கொண்டுபோச்சு?"

பயல் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான். தனசீலன் ஒருநாளும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. மேல்படியில் நின்று கயிறு கட்டித்தான் மோந்திருக்கிறார்.

மத்தியானம் தகரம் வந்தது. ஆள் வரவில்லை.

"கடைசிப் படியில தகரம் மட்டும் நெறஞ்சு நின்னுச்சுண்ணே," என்றான் டிரைவர் ஷேக் பரீத். "ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். சாயா குடிக்கப் போயிருப்பாரு, பஸ்ல வந்துருவாருன்னு கெளம்பிட்டேன். வந்துட்டாரா?"

ஆள் விட்டுத் தேடச் சொல்லியிருக்கலாம். "வருவான்வே," என்று மட்டும் சொல்லித் தனசீலன் தகரத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போது தண்ணீருக்குள் ஏதோ முணுமுணுத்தது.

குனிந்து காதைக் கொடுத்தார். பேச்சு. தெரிந்த குரல்.

"ஏரிக்கு அடியில ஊரை விட்டுட்டு நிக்கிற பெரியவங்களே, வாங்க. இது அணை. இது மதகு..."

பிறகு, ஆழத்திலிருந்து, மொத்தையாக, கைதட்டல்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைதட்டல் ஓயாமல் நீண்டது. பயத்தையும் மிதித்துக்கொண்டு பழைய எரிச்சல் மேலே ஏறியது. அங்கேயுமா? அங்கேயும் இவனுக்குத்தானா?

சுட்டுகோலை எடுத்தார். காலிப் பெஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி, அந்தக் குரலை அமுக்கும்படி உரக்க ஆரம்பித்தார்.

"பெரியோர்களே! இதுதான் அணை! இங்கிருந்துதான் பம்பாய்க்கு..."

குரல் நின்றது.

தண்ணீர் அடங்கியது. கண்ணாடி மாதிரி.

கைதட்டல் கேட்டது. முதுகுக்குப் பின்னால்.

ஈரக் கைகள்.

திரும்பினார். பெஞ்சு முழுக்க ஆட்கள். முக்காடுகள். முண்டாசுகள். கண்ணிருந்த இடத்தில் சேறு. முன்வரிசையில் பிரம்மநாயகம், கன்னமெல்லாம் பாசி.

"இப்பந்தான் சோக்கா இருக்கு அண்ணாச்சி," என்றான். "நிறுத்தாதீக. இவுக எல்லாரும் ஒங்களுக்காவத்தான் வந்திருக்காக."

தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளங்கைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் பிதுங்கியது. கணுக்காலில் குளிர்ந்தது. முழங்காலில்.

தனசீலன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

தண்ணீர் வந்தது. நிற்காமல் வந்தது.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது.