மாவு மாதிரி மண்

வீட்டில் என்னை ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் என் நினைப்பு எங்கேயோ மிதந்துகொண்டிருக்குமாம். அண்ணன் வைத்த பெயர் அது. எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

எங்கள் அம்மாவிடம் ஒரு குட்டி டிராக்டர் உண்டு. அதன் பின்னால் விதவிதமான கலப்பைகளை மாட்டி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களை எல்லாம் உழுது கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் சும்மா கிடந்தது.

“அங்க டிராக்டருக்கு ஒரு ஷெட் போட்டுடலாம்” என்றார் அப்பா.

“எனக்கு வேணும்ப்பா. நான் கேரட் போடப் போறேன்.”

“நீயா? விதையைக் கையில வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துட்டு நிப்ப!”

“இல்லப்பா. சத்தியமா!”

அப்பா மூக்கைச் சொறிந்தார். “சரி, மூணு வாரம். முளைச்சா இடம் உனக்கு. முளைக்கலேன்னா ஷெட்டு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

சனிக்கிழமை காலை அம்மா டிராக்டரைக் கொண்டுவந்தார். முதலில் கொத்துக் கலப்பை. அதன் வளைந்த கொக்கிகள் தரையைக் கீறிப் புரட்டின. தேங்காய் அளவுக்குக் கட்டிகள் எழும்பின. பிறகு சுழல் கலப்பை. அதன் கத்திகள் சுற்றச் சுற்றக் கட்டிகள் உடைந்து சிறுத்தன.

“போதும். கொஞ்சம் பொடிக்கட்டி இருந்தாத்தான் மண்ணு மூச்சு விடும்” என்றார் அம்மா.

நான் குனிந்து பார்த்தேன். கேரட் விதை எறும்பின் தலை அளவுதான் இருக்கும். இந்தக் கட்டிமேல் அது எப்படித் தூங்கும்? என் கனவில் வந்த படுக்கை, கை வைத்தால் புதையும்.

“இன்னொரு தடவை ஓட்டும்மா. மாவு மாதிரி வேணும்.”

அம்மா ஓட்டினார். நான் மறுபடி கெஞ்சினேன். மறுபடியும் ஓட்டினார். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நிற்கும்போது அம்மாவால் ‘முடியாது’ என்று சொல்லவே முடியாது. கடைசியாக, பின்னால் பலகையைக் கட்டி இழுத்துச் சமப்படுத்தினார்.

அடடா! என்ன மென்மை! மேகத்தின் நிழல் அதன்மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் ஓரத்தில் படுத்திருந்தேன். பிறகு வரிசையாக விதையைத் தூவி, ஒரு சிட்டிகை மண்ணால் மூடினேன்.

சாயங்காலம் பத்து நிமிடம் மழை. அடுத்த நான்கு நாளும் சுள்ளென்று வெயில்.

ஐந்தாம் நாள் போய் விரலால் தட்டினேன். டொக்!

அம்மாவும் வந்து தட்டினார். அவர் முகம் மாறிவிட்டது.

“என் தப்புதான். அத்தனை தடவை ஓட்டியிருக்கக் கூடாது. மாவான மண்ணு, மழை பட்டதும் ஒட்டிக்கிட்டு, வெயில்ல காய்ஞ்சு மேல ஓடு கட்டிடுச்சு.”

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்று அண்ணன் பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

“நீ சும்மா இருடா!” என்று அம்மா அதட்டினார்.

கெஞ்சினது நான்தானே? மாட்டிக்கொண்டதோ விதைகள். பாவம்.

பத்தாம் நாளும் ஒன்றும் முளைக்கவில்லை. சாயங்காலம் தரையில் காதை வைத்துப் படுத்தேன். கீழே ஓர் இருட்டு அறை. நிறையப் பிள்ளைகள். எல்லாரும் கூரையைத் தலையால் முட்டிப் பார்க்கிறார்கள். நிஜமாகவே கேட்டதா, கனவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எழுந்து, ஹேர்பின்னால் நகம் அளவு ஓட்டுச் சில்லை நெம்பி எடுத்தேன். அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளை முளை, நிமிர வழியில்லாமல் மடங்கிக் கிடந்தது.

“அண்ணா! உயிரோட இருக்கு!”

ஒரு கையில் டீயும் மறு கையில் பிஸ்கட்டுமாக அண்ணன் ஓடிவந்தான். பார்த்ததும் கேலியெல்லாம் போய்விட்டது. “மண்வெட்டியால கொத்தி உடைச்சிடட்டுமா?”

“ஐயையோ, வேண்டாம்! கழுத்து முறிஞ்சிடும்.”

“அப்புறம் எப்படித் திறக்கிறது?” என்று யோசித்தபடி பிஸ்கட்டை டீயில் தோய்த்தான். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது ஊறிப்போய்த் தொப்பென்று டீக்குள்ளேயே விழுந்தது.

“ச்சே!” என்றான் அண்ணன்.

“அதேதான்!” என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன்.

பழைய சாக்குகளை நனைத்துப் பாத்தி முழுக்க விரித்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, பூவாளியால் மெல்லத் தெளித்தேன். மத்தியானத் தண்ணீர் அம்மா பொறுப்பு. மூன்றாம் நாள் அம்மா சாக்கின் ஓரத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்தார். “இளகுதுடி மேகம்!”

மூன்று வாரம் முடிந்த அன்று காலை, ஷெட் போட அப்பா வெல்டரோடு வந்துவிட்டார். வெல்டரின் தோளில் ஓர் இரும்புக் கம்பம். அவர் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

“என்ன பாப்பா, மண்ணுக்குக் குளிரா? போர்வை போத்தியிருக்க!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம்வரை ஒன்றும் வெளியே வந்திருக்கவில்லை. ஒரு முனையை அம்மா பிடித்தார், மறு முனையை நான்.

தூக்கினோம்.

வரிசை வரிசையாக வெளிர்ப் பச்சை! உடைந்த மண் சில்லுகளைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு எல்லாம் நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

அப்பா குந்தி உட்கார்ந்து, ஒரு முளையின் தலையிலிருந்த மண்ணை விரல் நுனியால் எடுத்துவிட்டார். அப்படியே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

“கம்பத்தை எங்கண்ணே நடணும்?” என்று வெல்டர் முழங்கினார்.

“உஷ்!” என்றார் அப்பா. “மெதுவாப் பேசுப்பா. பிள்ளைங்க இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்காங்க.”

வெல்டர் பாத்தியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தமே வராமல் நுனிக்காலில் நடந்து திரும்பிப் போனார்.